திருப்பிப் பார்க்காத கல்

என் அக்காவின் கணவரைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகும் தைரியம் எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் உண்டு. போன முறை டாக்டர் அவர் வாயை அகலமாகத் திறக்கச் சொல்லி, கருவியை உள்ளே விட்டுக் கடைவாயைத் தட்டிக்கொண்டிருந்தார். மாமாவின் கண் எதிர்ச் சுவரில் இருந்தது. பாதியாக அறுத்த ஒரு சுருள் ஓட்டின் படத்தை அங்கே அழகுக்காக மாட்டியிருந்தார்கள். அடியில் 'அம்மோனைட்' என்று எழுதியிருந்தது. மாமா கையை உயர்த்தினார். வலிக்கிறதாக்கும் என்று டாக்டர் பதறிப்போய்க் கருவியை வெளியே எடுத்தார்.

"டாக்டர், அது நாட்டிலஸ். உள்ளே போற குழாய் சுவருக்கு நடுவுல போகுது பாருங்க. அம்மோனைட்டுக்கு வெளி ஓரமா போகும்," என்று சொல்லிவிட்டு மாமா மறுபடி வாயைத் திறந்து வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு டாக்டர் மரத்துப்போகும் ஊசியைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டார் என்பது என் சந்தேகம். வீட்டுக்கு வந்து சேரும்வரை மாமாவால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அக்கா என்னிடம் அந்த டாக்டரின் விலாசத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

மாமாவுக்கு ஊர் அருங்காட்சியகத்தில் உத்தியோகம். மாடியில் கல் கூடம் என்று ஒன்று இருக்கிறது. பதினான்கு கண்ணாடி அலமாரிகள், மழை வந்தால் ஒழுகும் ஒரு கூரை ஜன்னல், எந்த மூலையில் நின்றாலும் பூச்சி உருண்டை வாசனை. எங்கள் ஊர் பல கோடி வருடத்துக்கு முன்னால் கடலாக இருந்ததாம். அதனால் பக்கத்துக் குவாரியில் வெடி வைக்கும்போதெல்லாம் கல்லாகிப்போன சுருள் ஓடுகள் வெளியே வந்து விழும். அவற்றைக் கழுவி, எண் போட்டு, இன்னது என்று பார்த்துச் சீட்டு எழுதி அலமாரியில் வைப்பதுதான் உதவியாளரின் வேலை. சீட்டில் நாலு கட்டம்: எண், பெயர், கிடைத்த இடம், கண்டறிந்தவர். அந்தக் கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போடும்போது மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். ஒரு நாட்டையே எழுதிக் கொடுப்பதுபோல் இருக்கும் முகம்.

சுருண்டு கிடப்பதெல்லாம் ஒன்றல்ல என்பதுதான் அவர் உலகத்துக்குச் சொல்ல வந்த செய்தி. உலகம் கேட்காவிட்டால் எங்களுக்குச் சொல்வார். இடுப்பு பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டி மேசைமேல் வைப்பார். "இப்படிப் பாரு, திருப்பிப் போட்டுப் பாரு, ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே? இதுதான் அம்மோனைட்." பிறகு வாசலில் சுருட்டிப் போட்டிருக்கும் ரப்பர் தண்ணீர்க் குழாயைக் காட்டுவார். நடுவில் எழும்பி நிற்கும் சுருள் அது. "இது நத்தை. ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் இன்னொரு மாதிரி. மேல தட்டையா இருந்து ஏமாத்தற நத்தையும் உண்டு. அடியில பள்ளமா இருக்கும். அதனால முதல் வேலை, கல்லைக் கையில எடுத்துத் திருப்பிப் பாக்கணும்."

திருப்பிப் பார்த்த பிறகு இரண்டாவது வேலை, உள்ளே சுவர் இருக்கிறதா என்று பார்ப்பது. நத்தை வீட்டில் வாசலிலிருந்து கடைசிவரை ஒரே நடை, அறை கிடையாது. கணவாய் இனத்துக் கடல் பிராணிகளான அம்மோனைட்டும் நாட்டிலஸும் அறை அறையாகத் தடுத்துக் கட்டிக்கொண்டே போகிறவை. மூன்றாவது, அந்தச் சுவர்கள் ஓட்டைத் தொடுகிற கோடு. நாட்டிலஸில் அது வெறும் வளைவு. அம்மோனைட்டில் இலை ஓரம்போல் நெளிந்து நெளிந்து போகும். அதற்கு மாமா சொல்லும் பெயர் இலைக்கோடு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட்டமாக வரும்போது இந்த மூன்றையும் கோரஸாகச் சொல்லவைப்பார். பிள்ளைகள் அவருக்கு 'சுருள் சார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது அவருக்குத் தெரியும், பெருமையும்கூட.

அக்காவுக்கும் அங்கேதான் வேலை. மாடிப்படிக்குக் கீழே, வளைவாக ஓட்டை விட்ட ஒரு மரக்கூண்டு இருக்கிறது. அதுதான் டிக்கெட் கவுண்டர். வருகிறவர்களுக்கு அக்காவின் கையும் மூக்கு நுனியும் மட்டும் தெரியும். இருபத்துமூன்று வருடம் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அவளை எல்லோரும் 'நத்தையம்மா' என்று கூப்பிடுவார்கள். மெதுவாக டிக்கெட் கிழிப்பதால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். என் அக்கா டிக்கெட் கிழிக்கிற வேகத்துக்குப் பட்டாசு கொளுத்தலாம். பெயருக்குக் காரணம் வேறு.

இருபத்துமூன்று வருடத்துக்கு முன் அந்த உதவியாளர் வேலைக்கு நேர்காணல் நடந்தது. கடைசிவரை மிஞ்சியது இரண்டு பேர், என் அக்காவும் இந்த மாமாவும். அப்போது ஒருவரை ஒருவர் தெரியாது. காப்பாட்சியர் புதிதாகப் பதவிக்கு வந்திருந்தார். மேசைமேல் சாப்பாட்டுத் தட்டளவு ஒரு சுருள் ஓட்டுக் கல்லை வைத்து, "இது என்ன?" என்று கேட்டார். குவாரிக்காரர் அன்பளிப்பாகக் கொடுத்த கல் அது. கொடுக்கும்போது அவர் அம்மோனைட் என்று சொல்லியிருந்தார். அவருக்கு யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. அன்பளிப்பு கொடுக்கிறவரிடம் கேள்வி கேட்பது மரியாதை இல்லையே.

அக்கா முதலில் போனாள். கல்லைத் தூக்கினாள், புரட்டினாள், வைத்தாள். "நத்தை," என்றாள். காப்பாட்சியர் சிரித்தார். கூட இருந்தவர்கள் அவர் சிரிப்பதைப் பார்த்து இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அடுத்து மாமா போனார். கல்லைத் தொடவே இல்லை. அருங்காட்சியகப் பொருளுக்கு அவர் காட்டிய மரியாதையாம் அது; பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்து, "அம்மோனைட் ஐயா. இதோ இலைக்கோடு தெளிவாத் தெரியுதே," என்றார். கல்லின்மேல் கறுப்பாக, கிளை கிளையாக, நெளிந்த கோடுகள் இருக்கத்தான் செய்தன. மாமாவுக்கு உதவியாளர் வேலை. அக்காவுக்கு, போனால் போகட்டும் என்று டிக்கெட் கவுண்டர்.

வேலைக்குச் சேர்ந்த வாரமே மாமா அவளுக்கு ஆறுதல் சொல்லக் கூண்டுக்கு வந்தார். ஆறுதலோடு சேர்த்து இலைக்கோட்டையும் விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டாள். மறுநாளும் வந்தார். இப்படியே இரண்டு வருடம் ஆறுதல் சொல்லிச் சொல்லி அது கல்யாணத்தில் போய் முடிந்தது. நான் தச்சன். அக்கா சொல்லி அங்கே எனக்குக் கிடைத்த முதல் வேலையும் அந்தக் கல்தான். அதைப் பலகையில் ஒட்டி, சுற்றிலும் வட்டமாக மரச்சட்டம் போட வேண்டும். "ஓரத்துல ஓட்டைச் சுத்தி ஒட்டியிருக்கற மூளிக்கல் தெரியக் கூடாது தம்பி, சட்டம் ஓட்டை ஒட்டியே வரட்டும். நல்லா அழுத்தி ஒட்டிடு," என்றார் மாமா. அப்போது நான் அவருக்குத் தம்பி, இன்னும் மாப்ள ஆகவில்லை. சட்டத்தைக் கச்சிதமாகப் போட்டுக் கொடுத்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை இருந்திருக்கும், நடந்தது நடக்காமல் இருந்திருந்தால்.

கல் முதல் அலமாரிக்குப் போனது. பிறகு அதன் படம் டிக்கெட்டில் ஏறியது. 'நம் ஊரின் அம்மோனைட்' என்று மேலே, காப்பாட்சியர் பெயர் கீழே. அதாவது என் அக்காவை வேலையிலிருந்து தள்ளிவிட்ட கல்லை அவளே தன் கையால் நாள் முழுக்க ஆளுக்கொன்றாகக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஏதாவது பேச்சு வந்து அக்கா ஜெயித்துவிடுவாள்போல் இருந்தால், மாமா மெல்லச் சிரித்து, "நத்தைன்னு சொன்னவதானே நீ," என்பார். அவள் பாத்திரம் துலக்கும் சத்தம் கொஞ்சம் கூடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் கல் அம்மோனைட்டாக இருக்கும்போது நான் என்ன பேச?

அந்த அருங்காட்சியகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. காவலாளி வேலையானாலும் சரி, பெருக்குகிற வேலையானாலும் சரி, நேர்காணலில் முதல் கேள்வி அந்தக் கல்தான். பலகையோடு கொண்டுவந்து வைத்து, "இது என்ன?" என்பார்கள். இத்தனை வருடத்தில் ஒருவர்கூடத் தவறவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளின் அறிவியல் அறிவு வளர்ந்துவிட்டது என்று காப்பாட்சியர் ஆண்டறிக்கையில் எழுதினார். நேர்காணலுக்கு வருகிறவர்கள் உள்ளே நுழைய டிக்கெட் வாங்க வேண்டும் என்பதும், விடை அதில் அச்சடித்திருக்கிறது என்பதும் அவர் நினைவுக்கு வரவில்லை.

ஆறு மாதத்துக்கு முன் மாமாவைத் துணைக் காப்பாட்சியர் ஆக்குவதாக முடிவானது. அவர் இடம் காலியாகும். உள்ளே வேலை செய்பவர்களுக்கு வயது வரம்பு கிடையாது என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். அக்கா யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டாள். இன்னும் நாலு வருடத்தில் ஓய்வு பெற வேண்டியவள். இதை விட்டால் கூண்டைத் தவிர வேறு இடம் அவளுக்கு இல்லை. மூன்று பேர் கொண்ட தேர்வுக்குழுவில் மாமாவும் ஒருவர். "நீங்க இருக்கீங்களேன்னு எனக்கு எந்தச் சலுகையும் வேண்டாம்," என்று அக்கா முன்கூட்டியே சொல்லிவிட்டாள். "சலுகை எதுக்கு? இந்தத் தடவை அம்மோனைட்னு சொல்லு, போதும்," என்றார் மாமா பெருந்தன்மையாக.

நேர்காணலுக்கு முந்தின நாள் கல்லைக் கீழே கொண்டுவர அலமாரியைத் திறந்தார்கள். பலகையின் ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கரையான். காப்பாட்சியருக்குக் கை கால் ஓடவில்லை. காலையில் பத்து மணிக்கு நேர்காணல், கல் புதுப் பலகையில் இருந்தாக வேண்டும் என்று எனக்கு ஆள் விட்டார். மறுநாள் ஏழு மணிக்கே போய்விட்டேன். மாமா சாவியோடு காத்திருந்தார்.

அரித்துப்போன சட்டத்தைத் தட்டி எடுத்தேன். கல்லைப் பலகையிலிருந்து நெம்பிக் கையில் வாங்கினேன். அடிப்பக்கம் பார்த்தேன். எனக்குக் கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இருபது வருடத்துக்கு மேலாக மாமாவின் பிரசங்கம் கேட்டவன். மேல்பக்கம் தட்டை. அடிப்பக்கம் புனல்போல் உள்ளே போகும் ஆழமான பள்ளம். என் கட்டைவிரல் முழுதும் உள்ளே போனது.

"மாமா," என்றேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். ஓரத்தில் ஒரு சில்லு உடைந்திருந்தது. உள்ளே ஒரே மண்ணாக இறுகிப்போயிருந்தது, தடுப்புச் சுவர் என்று ஒன்றுகூட இல்லை. பிறகு சட்டம் இருந்த இடத்தைப் பார்த்தார். நான் இருபத்துமூன்று வருடத்துக்கு முன் கச்சிதமாக மறைத்த மூளிக்கல் அது. கறுப்பான இலைக்கோடு ஓட்டிலிருந்து இறங்கி அந்த மூளிக்கல்லிலும் கிளை விட்டு ஓடியிருந்தது. ஓட்டுக்குள் இருக்கிற சுவரின் கோடு ஓட்டுக்கு வெளியே எப்படி ஓடும்? அது கல்லில் ஊறிய கனிமக் கறை. ஈரச் சுவரில் பாசி படர்வதுபோல் தன்பாட்டுக்குப் படர்ந்திருக்கிறது.

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. மர முக்காலியில் உட்கார்ந்து கல்லை மடியில் வைத்துக்கொண்டார். அவர் அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். உலகத்தில் யார் தப்பாகச் சொன்னாலும் விடாமல் துரத்தித் திருத்திய மனிதர். பல் டாக்டரையே விடவில்லை.

"மாப்ள," என்றார் கடைசியில். "ஒட்டிடு."

"மாமா, அக்கா இன்னைக்கு..."

"அவ அம்மோனைட்னு சொல்லிடுவா. வேலை கிடைச்சிடும். எல்லாருக்கும் நல்லதுதான். நீ ஒட்டு."

பூசி மெழுகுவது எனக்குத் தெரியாத வேலை இல்லை. பசை தடவினேன். "இது இறுக சாயங்காலம் ஆகும், அதுவரை யாரும் தூக்கக் கூடாது," என்றேன். புதுச் சட்டம் போடும்போது பழையபடியே கச்சிதமாக அளவெடுத்தேன். வாழ்க்கையிலேயே நான் வெறுத்துச் செய்த வேலை அது. கீழே இறங்கியபோது அக்கா கூண்டைப் பூட்டிவிட்டு, துவைத்து மடித்த சேலையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வாய் நுனிவரை வந்ததை மென்று விழுங்கினேன். சொன்னால் நத்தை என்பாள், வேலை போகும். சொல்லாவிட்டால் அம்மோனைட் என்பாள், வேலை கிடைக்கும். இப்படிக் கணக்குப் போட்டுத்தான் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

பசை காயாததால் கல்லுக்குக் காவலாக என்னை அறை மூலையிலேயே நிற்கச் சொன்னார்கள். நீள மேசைக்குப் பின்னால் நடுவில் காப்பாட்சியர், ஒரு பக்கம் மாமா, மறுபக்கம் ஓய்வுபெற்ற புவியியல் பேராசிரியர் ஒருவர். எல்லா நேர்காணலுக்கும் வருகிறவர். அந்தக் கல்லை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார், எப்போதும் நாற்காலியில் சாய்ந்தபடி. அக்காவுக்கு முன் நாலு பேர் வந்தார்கள். நாலு பேரும் அம்மோனைட் என்றார்கள். ஒருவன் 'நம் ஊரின் அம்மோனைட்' என்று முழுசாகவே சொன்னான். பேராசிரியர் திருப்தியோடு கண்ணை மூடிக்கொண்டார்.

ஐந்தாவதாக அக்கா.

"வாங்க நத்தையம்மா," என்றார் காப்பாட்சியர். "உங்களுக்கு இந்தக் கேள்வி புதுசில்ல. இந்தத் தடவையாவது சரியாச் சொல்லுவீங்களா?"

மாமா தலையைக் குனிந்து ஏதோ எழுதுகிறவர்போல் இருந்தார். பேனா மூடி கழற்றப்படவில்லை.

அக்கா கல்லைப் பார்த்தாள். "திருப்பிப் பாக்கலாமா?" என்றாள்.

"அதெப்படி முடியும்? ஒட்டியிருக்கில்ல."

"சரி. அன்னைக்குத் திருப்பிப் பாத்ததுதான். இது நத்தை."

அதே சிரிப்பு. காப்பாட்சியர் மேசையைத் தட்டிச் சிரித்தார். பேராசிரியர் விழித்துக்கொண்டு, என்ன விஷயம் என்று தெரியாமலே சேர்ந்துகொண்டார். "டிக்கெட்டுல நீங்களே கிழிச்சுக் குடுக்கறீங்களேம்மா, அதைக்கூடப் படிக்கலையா?" என்று கேட்டுக்கொண்டே காப்பாட்சியர் மதிப்பெண் தாளில் ஒரு சுழி போட்டார். அக்கா அசையவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். நான் மூலையில் நின்று மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நிமிடத்தில் அந்த மனிதரை நான் அடியோடு வெறுத்தேன், மறைக்க ஒன்றுமில்லை.

மாமா எழுந்தார். சட்டத்துக்குள் விரலை விட்டுக் கல்லைப் பிடித்து இழுத்தார். காயாத பசை நூல் நூலாக இழுபட, கல் கையோடு வந்தது. அதைத் தலைகீழாகப் புரட்டிக் காப்பாட்சியரின் கோப்பின்மேலேயே வைத்தார். புனல்போன்ற பள்ளம் எல்லோருக்கும் தெரிந்தது.

"அவ சொன்னது சரி. இது நத்தை. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்," என்றார். "காலையிலயே பாத்தேன். பாத்துட்டு மறுபடி ஒட்டச் சொன்னேன்."

பேராசிரியர்தான் முதலில் எழுந்து வந்து பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தார். "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்," என்றார். 'அப்பவே' என்றால் எப்போது என்று யாரும் கேட்கவில்லை.

காப்பாட்சியர் லேசுப்பட்ட ஆள் இல்லை. அரசாங்கக் காகிதத்தில் குடித்தனம் நடத்தியவர். "விடைத்தாள்ல அம்மோனைட்னு இருக்கு. அதை மாத்தணும்னா சீட்டுல கண்டறிந்தவர்னு கையெழுத்துப் போட்டவர் தன் கைப்பட எழுதித் தரணும்," என்றார். "தந்தா என்ன ஆகும் தெரியுமா? உங்க நேர்காணல்ல நீங்க சொன்ன விடை தப்பு. தப்பான விடை சொல்லி உள்ளே வந்தவரை நான் எப்படித் துணைக் காப்பாட்சியர் ஆக்கறது? நீங்க மேல போகலைன்னா உங்க இடம் காலியாகாது. காலியாகலைன்னா இந்த அம்மாவுக்கு எந்த இடத்தைக் குடுக்கறது? அதனால அம்மோனைட்டாவே இருக்கட்டும். கல்லு ஒண்ணும் கோவிச்சுக்காது."

ஒரு சப்பைக்கட்டை இவ்வளவு நேர்த்தியாக நான் பார்த்ததில்லை. என் சட்டம்கூட அவ்வளவு கச்சிதம் இல்லை. அக்கா சரி என்றால் அவளுக்கு வேலை இல்லை. தப்பு என்றாலும் வேலை இல்லை.

மாமா ஒரு வெள்ளைத் தாளை இழுத்தார். பேனாவை எடுத்தார், பசையில் அது விரலோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டிய பேனாவாலேயே எழுதினார். எழுதி முடித்துக் கையெழுத்துப் போடும்போது இந்த முறை நிமிர்ந்து உட்காரவில்லை. தாளையும் கையையும் பிரிக்க நான் போய் உதவ வேண்டியிருந்தது.

"இடம் காலியில்லைன்னீங்க," என்றார் காப்பாட்சியரிடம். "டிக்கெட் கவுண்டருக்கு நான் போறேன். அன்னைக்கே நான் போக வேண்டிய இடம். மாடியில ஒரு இடம் காலியாச்சா இப்போ?"

அக்கா அப்போதுதான் முதல்முறையாக அவர் பக்கம் திரும்பினாள். காப்பாட்சியர் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். மேலிருந்து கீழே போகிறேன் என்று யாரும் அதுவரை கேட்டதில்லை என்பதால் அதைத் தடுக்க விதி எதுவும் இல்லை. ஒரு மாதம் கழித்து இரண்டு உத்தரவும் ஒரே உறையில் வீட்டுக்கு வந்தன.

இப்போது அக்கா மாடியில் இருக்கிறாள். பதினான்கு அலமாரிக் கற்களையும் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மாமா எழுதிய மற்றச் சீட்டுகள் ஒன்றுகூடத் தப்பில்லை. அதை அவள் எங்களிடம் சொன்னபோது, ஒப்புக்கொள்ள அவளுக்கு மனமில்லாததுபோல் இருந்தது. முதல் கல்லுக்கு நான் புதுத் தாங்கி செய்து கொடுத்தேன். பசை இல்லை, பலகை இல்லை. மூன்று ஆணிமேல் கல் நிற்கும். அடியில் ஒரு கண்ணாடி, பள்ளம் அதில் தெரியும்.

டிக்கெட்டுதான் தொல்லை. அச்சடித்த கட்டுகள் கிடங்கு நிறைய இருந்தன. தூக்கிப்போட முடியாது, திருத்த முத்திரை குத்துங்கள் என்று உத்தரவு. 'நத்தை' என்று பெரிய எழுத்தில் ஒரு ரப்பர் முத்திரை வந்தது. எப்படிக் குத்தினாலும் அது சரியாகக் காப்பாட்சியர் பெயருக்குப் பக்கத்தில்தான் விழுந்தது. அவர் வந்து ஒரு நாள் பார்த்துவிட்டு, கொஞ்சம் மேலே தள்ளிக் குத்தக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தார். "எழுத்து மறைஞ்சிடும் ஐயா," என்றார் மாமா கூண்டுக்குள்ளிருந்து, மிகுந்த மரியாதையோடு.

போன வாரம் கூண்டின் கதவுக்குக் கீல் மாற்றப் போயிருந்தேன். மத்தியான நேரம், கூட்டம் இல்லை. மாமா ஒரு கையால் டிக்கெட்டைப் புரட்ட, மறு கையால் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தாள், கையில் முதல் கல்லுக்கு எழுதிய புதுச் சீட்டு. வளைவு ஓட்டை வழியாக அதை உள்ளே நீட்டினாள். எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள்.

மாமா படித்தார். பெயர்: நத்தை. கண்டறிந்தவர் என்ற கட்டத்தில் அவள் கையெழுத்து. தேதி, இருபத்துமூன்று வருடத்துக்கு முந்தைய அந்த நேர்காணல் நாள். அவர் அதைத் திருப்பித் தரவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார். நான் அங்கே கீலோடு உட்கார்ந்திருப்பதையும் மறந்துவிட்டார்போல. "அன்னைக்கு எனக்கு அந்தக் கல்லைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. நான் வெளியே வரிசையில உக்காந்திருந்தேன். நீ உள்ளே நத்தைன்னு சொன்னது கேட்டுச்சு. அவங்க சிரிச்சதும் கேட்டுச்சு. அப்ப நத்தை இல்லைன்னு மட்டும் தெரிஞ்சுது. எனக்குத் தெரிஞ்ச இன்னொரு பேரு அம்மோனைட் ஒண்ணுதான். இலைக்கோடுன்னு ஒரு புஸ்தகத்துல படிச்சிருந்தேன், அதைச் சேத்துச் சொன்னேன். அப்புறம் படிச்சதெல்லாம் அதை நிஜமாக்கறதுக்குத்தான்."

நான் திருப்புளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன். மாமாவின் ஒவ்வொரு பிரசங்கமும், பெல்ட்டும் குழாயும், பல் டாக்டரும் என் மண்டைக்குள் வரிசையாக வந்து நின்றன. எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கே வியப்பாக இருந்தது.

"தெரியும்," என்றாள் அக்கா.

"எப்படித் தெரியும்?"

"உள்ளே போறப்ப கதவைச் சாத்தாம விட்டது நான்தானே. வெளியே வர்றப்ப உங்களைத் தாண்டித்தான் போனேன். தலையைத் தூக்காம உக்காந்திருந்தீங்க."

"தெரிஞ்சுமா என்னைக் கட்டிக்கிட்ட? இத்தனை வருஷம் ஒரு தடவைகூடக் கேக்கலையே நீ."

"தினமும் கூண்டுக்கு வந்து ஏதேதோ பேசுவீங்க. இதைச் சொல்லத்தான் வர்றீங்கன்னு நினைச்சேன். இன்னைக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு பாத்துட்டே இருந்தேன்," என்றாள் அக்கா. ஓட்டை வழியாகக் கையை நீட்டினாள். "குடுங்க சீட்டை. மேல வேலை கிடக்கு."

சீட்டை வாங்கிக்கொண்டு படியேறிப் போனாள். வாசலில் ஒரு குடும்பம் வந்து நின்று நாலு டிக்கெட் கேட்டது. மாமா நாலையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் நத்தை என்று அழுத்திக் குத்தி, ஓட்டை வழியாக நீட்டினார்.